முரட்டுக் குதிரை என்று முடிவு கட்டும் முன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைச் சொல்கின்றன: ஏறி உட்கார்ந்தால் குதிரை முரண்டு பிடிக்கிறது. 34 ஆண்டுகள் குதிரைகளுக்கே வைத்தியம் பார்த்தவள் நான். அதனால் மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்தப் புகாருக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். கடிதம் முதலில், அதன் கீழே என் பதில்.

என் மகளுக்கு 14 வயது. இரண்டு ஆண்டுகளாகக் குதிரைச் சவாரி கற்கிறாள். சவாரிப் பள்ளியில் அவளுக்குக் கொடுத்திருப்பது பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற 11 வயதுப் பெண் குதிரை. அருமையாக இருந்தது. மூன்று மாதமாகச் சேணத்தைக் கண்டாலே கடிக்க வருகிறது. வயிற்று வாரை இறுக்கினால் பின்காலைத் தூக்குகிறது. கேன்டருக்கு, அதாவது மிதமான பாய்ச்சலுக்குப் போகச் சொன்னால் பின்னங்கால்களை உதறித் துள்ளுகிறது. மகள் இரண்டு முறை விழுந்துவிட்டாள். "குதிரை உன்னைச் சோதித்துப் பார்க்கிறது, சவுக்கை எடு" என்கிறார் பயிற்சியாளர். அவளோ அழுகிறாள், அடிக்க மாட்டேன் என்கிறாள். யார் சொல்வது சரி?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

உங்கள் மகள் சொல்வதுதான் சரி, அம்மா. இதை அவளிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பயிற்சியாளரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் "மூன்று மாதமாக" என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டு ஆண்டு அருமையாக இருந்த விலங்குக்கு ஒரு நாள் காலையில் திடீரென்று கெட்ட புத்தி வந்துவிடாது. மூன்று மாதத்துக்கு முன் என்ன மாறியது என்று கேளுங்கள். புதுச் சேணமா? லாடம் அடிப்பவர் மாறினாரா? வைக்கோலும் புல்லும் விலை ஏறியதால் அளவைக் குறைத்தார்களா? வகுப்புகள் கூடினவா?

குதிரை வலியைச் சொல்லாத விலங்கு. நாய்க்கு அடிபட்டால் ஊளையிடும், மாடு கதறும். குதிரையோ புல்வெளியில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த இனம். நொண்டிக் காட்டியது பிழைத்திருக்காது. அதனால் முடிந்தவரை மறைக்கும். முதுகில் ஆள் ஏறிய பிறகு மறைக்க முடியாமல் போகும்போதுதான் கடி, உதை, துள்ளல் எல்லாம் வருகின்றன. பயிற்சியாளர் கண்ணுக்கு அது சோதனையாகத் தெரிகிறது.

நீங்கள் சொன்ன அடையாளங்களைப் படித்ததும் என் மனம் முதலில் போனது வயிற்றுக்கு. குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவும் பகலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். இரைப்பையின் மேற்பகுதிச் சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு கிடையாது. வெறும் வயிற்றோடு ஓடவிட்டால் கீழே தேங்கி நிற்கும் அமிலம் மேலே தெறித்து அந்தச் சுவரைச் சுடும். பந்தயக் குதிரைகளில் இரைப்பைப் புண் மிகப் பெரும்பான்மைக்கு உண்டு என்று உலகெங்கும் கண்டிருக்கிறார்கள். உங்கள் குதிரையும் அங்கிருந்து வந்ததுதான்.

அதனால் லாயத்துக்குப் போய், சவாரியை விட்டுவிட்டு, தீனி நேரத்தைக் கவனியுங்கள். மாலை 5 மணிக்குக் கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு விளக்கை அணைத்தால், மறுநாள் காலை 6 மணி வரை 13 மணி நேரம். கொள்ளையும் தவிட்டையும் அது அரை மணியில் தின்று முடித்துவிடும். மிச்ச நேரம் முழுக்க அமிலம் சுவரைத் தின்னும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ உலர்ந்த புல்லாவது வேண்டும். அதுவும் ஒரே வேளையில் கொட்டாமல், வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு, இரவு முழுவதும் கொறிக்கும்படி. சவாரிக்கு அரை மணி முன் இரண்டு கைப்பிடி குதிரை மசால் தழை கொடுக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தைத் தணிக்கும். மென்ற தழை இரைப்பையில் பாய்போல மிதந்து தெறிப்பைத் தடுக்கும். நம் கிராமங்களில் விளையும் அந்தத் தழைக்குக் குதிரை மசால் என்று பெயர் வைத்தவரை நான் பல நாள் நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

புண் இருக்கிறதா என்று உறுதியாகப் பார்க்க மூன்று மீட்டர் நீளமுள்ள உள்நோக்குக் குழாய் வேண்டும். அது கிடைக்காத ஊரில் மருத்துவர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்தை நான்கு வாரம் கொடுத்து மாற்றத்தைப் பார்ப்பார். மனிதர்களுக்கு விற்கும் மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவும் தயாரிப்பும் வேறு.

வயிறோடு நின்றுவிடவும் கூடாது. பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்குச் சில ஆண்டுகளில் முதுகின் தசை மாறிவிடும், அன்று பொருந்திய சேணம் இன்று பொருந்தாது. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். முழுதும் வியர்த்திருக்க, தோள்மேட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு உலர்ந்த திட்டு இருந்தால், அந்த இடத்தில் சேணம் அழுத்தி நசுக்குகிறது என்று பொருள். அங்கே வெள்ளை முடி முளைத்திருந்தால் அழுத்தம் பழையது. சேணத்தின் பின்விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டியும் போகக் கூடாது. அதற்கு அப்பால் உள்ள முதுகு ஆளைத் தாங்குவதற்கானது அல்ல.

மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை மகள் ஏற வேண்டாம். பள்ளி சம்மதிக்காவிட்டால் வகுப்பை நிறுத்திவிடுங்கள். கட்டணம் போனாலும் போகட்டும். மூன்றாவது முறை விழும்போது எப்படி விழுவாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தையில் 5 வயதுக் கத்தியவாரிப் பெண் குதிரை வாங்கினேன். முதல் மாதம் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது லகானைத் தொட்டாலே தலையை மேலே எறிகிறது. வலப்பக்கம் திரும்புகிறது, இடப்பக்கம் திரும்ப மறுத்து நின்றுவிடுகிறது. நெற்றிச் சுழி சரியில்லை, அடுத்த சந்தையில் தள்ளிவிடு என்கிறார் பெரியப்பா. சுழிக்கு உண்மையிலேயே இப்படிப் பலன் உண்டா?
— ஓர் இளைஞர், ஈரோடு மாவட்டம்

தம்பி, உங்கள் பெரியப்பாவை எதிர்த்துப் பேச வேண்டாம். சுழி பார்த்துக் குதிரை வாங்கிய தலைமுறை அது. அவர்கள் குதிரையின் நெற்றியையும் மார்பையும் பார்த்த அளவு கூர்மையாக இன்று வாங்குபவர்கள் குதிரையைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். சுழி பிறக்கும்போதே இருந்தது, தொல்லை இரண்டாம் மாதம்தான் வந்தது. முதல் மாதம் அந்தச் சுழி என்ன செய்துகொண்டிருந்தது?

இடம் மறுத்து வலம் திரும்பும் குதிரைக்கு முதலில் வாயைத் திறந்து பார்ப்பேன். குதிரையின் கடைவாய்ப் பல் வாழ்நாளின் பெரும்பகுதி ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைத்து அரைத்துத் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். ஆகவே மேல் பற்களின் வெளிவிளிம்பும் கீழ்ப் பற்களின் உள்விளிம்பும் தேயாமல் கத்தி முனைபோல் கூராகும். மேலது கன்னத்தைக் கிழிக்கும், கீழது நாக்கை. லகானை இழுத்தால் கன்னம் அந்தக் கூர்மேல் போய் அழுந்தும். இதற்கு மேல், சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் பட்டாணி அளவில் ஓநாய்ப்பல் என்று ஒன்று முளைத்திருக்கும். கடிவாள இரும்பு அதில் இடித்தால் குதிரை தலையை எறியாமல் என்ன செய்யும்?

பல்லை நீங்கள் கையை விட்டுப் பார்க்க வேண்டாம், விரல் போய்விடும். தொட்டியைப் பாருங்கள். பாதி மென்று உருட்டித் துப்பிய புல் உருண்டை கிடக்கிறதா? சாணத்தில் நீளமான நார் அப்படியே வருகிறதா? தின்னும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பல்லின் கூரை அரத்தால் ராவத் தெரிந்த கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். பல் நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது முறை.

பிறகு, விற்றவர் குதிரையோடு கொடுத்த கடிவாளத்தைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். நாட்டியம் ஆடப் பழக்கும் குதிரைகளுக்கு முள் வைத்த இரும்பு போடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முள்ளோ குமிழோ உள்ள கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டு முதல் இந்திய விதிகள் தடை செய்திருக்கின்றன. உங்களுடையது அந்த வகையாக இருந்தால் அதை யாருக்கும் விற்காதீர்கள். கிணற்றில் போடுங்கள்.

கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகள் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு குறிப்பு. இந்த இனங்களின் காது நுனி உள்வளைந்து ஒன்றையொன்று தொடும். பின்னால் மடங்கிய காது வலிக்கு அடையாளம் என்று படித்துவிட்டு நுனியைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காதின் அடிப்பகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

என் குதிரை ஏறினால் இரண்டு சுற்றுக்குப் பின் நின்றுவிடும், வற்புறுத்தினால் முன்கால் தூக்கி எழும்பும். மருத்துவர் கையில் பிடித்து ஓடவைத்துப் பார்த்து, நொண்டல் இல்லை என்றார். மூன்று நாள் வலி மருந்து கொடுத்தும் மாற்றம் இல்லை. அப்படியானால் இது குணம்தானே?
— ஒரு வாசகர், சென்னை

இல்லை. இந்தப் பதிலை நான் சற்று நீளமாக எழுத வேண்டும். உங்கள் மருத்துவர் செய்த அதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

1990-களின் நடுவில், ஒரு சவாரி மைதானத்தில் ஒன்பது வயது, காயடித்த சாம்பல் நிறக் குதிரை ஒன்றைக் காட்டினார்கள். உங்களுடையதைப் போலவேதான்: நிற்கும், எழும்பும். இதயம், நுரையீரல், குளம்பு எல்லாம் பார்த்தேன். கெட்டித் தரையில் கையில் பிடித்து ஓடவைத்தேன். தாளம் பிசகவில்லை. "உடலில் குறை இல்லை, பயிற்சிக் குறைபாடு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அதற்குக் கடுமையான கடிவாளம் போட்டார்கள். எட்டு மாதம் கழித்து அது மல்லாந்து விழுந்தது. ஏறியிருந்த பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் முதுகைப் படம் எடுத்தோம். சேணம் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, முதுகெலும்பின் மேல்முனைகள் நான்கு, ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. ஆள் ஏறி உட்கார்ந்து முதுகு தாழும்போதெல்லாம் எலும்பு எலும்பை அரைத்திருக்கிறது. கையில் பிடித்து ஓடவைத்தபோது ஆள் பாரம் இல்லை, அதனால் வலியும் இல்லை. நான் பார்த்தது வலி இல்லாத நேரத்துக் குதிரையை. அந்தச் சான்றிதழின் நகல் இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது. குதிரையை நானே வாங்கிக்கொண்டேன். பொள்ளாச்சிக்கு அருகில் ஒரு தென்னந்தோப்பில் நான்கு ஆண்டு இருந்தது. அதன் முதுகில் பிறகு யாரும் ஏறவில்லை. அது ஒரு நாளும் எழும்பவில்லை.

இன்று எங்கள் தொழிலுக்கு அன்று இல்லாத ஒரு கருவி இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த குதிரை மருத்துவர் சூ டைசன், ஆள் ஏறியிருக்கும் குதிரையின் நடத்தையில் 24 அடையாளங்களைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டார். நடை, ட்ராட் என்ற துள்ளு நடை, கேன்டர் எல்லாம் வரும்படி பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். காது ஐந்து நொடிக்கு மேல் பின்னால் படிந்திருப்பது, விழியின் வெள்ளை திரும்பத் திரும்பத் தெரிவது, வெறித்த பார்வை, வாயைத் திறந்து திறந்து மூடுவது, நாக்கு வெளியே வருவது, கடிவாள இரும்பு ஒரு பக்கம் இழுபடுவது, வாலை ஒருபக்கம் ஒதுக்குவது அல்லது வீசி அடிப்பது, கேன்டரில் கால் மாறி மாறி விழுவது, அடிக்கடி இடறுவது, முன்னேற மறுப்பது, எழும்புவது, துள்ளுவது. நல்ல ஆரோக்கியமான குதிரையும் இதில் சிலவற்றைக் காட்டும். எட்டும் அதற்கு மேலும் இருந்தால் எலும்பிலோ தசையிலோ மூட்டிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

என்னை உலுக்கியது இதற்கு அடுத்த படி. வலி உள்ள இடத்தை ஊசியால் மரத்துப்போகச் செய்துவிட்டு, அதே ஆளை அதே குதிரைமேல் ஏற்றி ஓட்டினார்கள். அடையாளங்கள் அப்போதே குறைந்தன. அரை மணியில் குணம் மாறுமா? சாம்பல் குதிரையை நினைத்துக்கொண்டு அந்த ஆய்வை அன்று இரவு மூன்று முறை படித்தேன்.

வலி மருந்து விஷயத்துக்கு வருகிறேன். குதிரைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வலி மருந்தான ஃபினைல்பியூட்டாசோனை மூன்று நாள் கொடுத்துக் குறையவில்லை என்றால், அந்த மருந்துக்கு அந்த வலி அடங்கவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. முதுகெலும்பு வலியும் இரைப்பைப் புண்ணும் அதற்கு அடங்காமல் போகலாம். இன்னும் சொன்னால், அந்த மருந்தே இரைப்பையைப் புண்ணாக்கும். மருத்துவர் சொல்லாமல் இனி ஒரு வேளைகூடக் கொடுக்காதீர்கள். ஆள் ஏறியிருக்கும்போது வீடியோ எடுங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும், முன்னாலிருந்தும், பின்னாலிருந்தும். ஆனால் எழும்பும் குதிரையை அதற்காக வற்புறுத்தி ஓட்ட வேண்டாம். அது நிற்கும் அந்த இரண்டு சுற்றே போதும். அதை மருத்துவரிடம் காட்டி, முதுகுக்கு எக்ஸ்ரே கேளுங்கள். மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள்.

சித்திரை, வைகாசியில் என் குதிரை சோம்பேறியாகிவிடுகிறது. கார்த்திகையில் பறக்கிறது. இதுவும் வலியா?
— ஒரு வாசகர், கிழக்குக் கடற்கரைச் சாலை

வியர்க்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வைச் சுரப்பி வேலைநிறுத்தம் செய்துவிடும். தோல் காய்ந்து, மூச்சு மட்டும் வேகமாக ஓடும். அது சோம்பல் அல்ல, உள்ளே உடல் கொதிக்கிறது. ஓட்டினால் செத்துப்போகும். உடனே நிழல், தண்ணீர், விசிறி. மருத்துவர் வரும்வரை சேணத்தைத் தொடாதீர்கள்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் குழந்தைகளை மட்டக் குதிரையில் ஏற்ற ஆசை. அந்தக் குதிரைக்கு வலி இருக்கிறதா என்று என்னைப் போன்றவர் எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி, மதுரை

முகத்தைப் பாருங்கள். யாரும் ஏறாமல் நிற்கும்போது இரண்டு நிமிடம் போதும். வலியில்லாத குதிரையின் முகம் தளர்ந்திருக்கும், கீழுதடு லேசாகத் தொங்கும். வலியுள்ளதன் காது விறைத்துப் பின்னோக்கி இருக்கும், கண் பாதி சுருங்கும், கண்ணுக்கு மேல் எலும்பு துருத்தும், தாடைத் தசை முறுக்கேறும், மூக்குத்துளை இறுகும், தாடை முன்னே தள்ளினாற்போல் தெரியும். பிறகு கால்களைப் பாருங்கள். பின்கால் ஒன்றை மாற்றி மாற்றி ஓய்வெடுப்பது இயல்பு. முன்கால் ஒன்றை முன்னே நீட்டி வைத்துக்கொண்டே நின்றால் அந்தக் காலில் நோவு. சேணத்துக்குக் கீழே உள்ள துணியைத் தூக்கிக் காட்டச் சொல்லி, முதுகில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் குழந்தை ஏறலாம், நீங்கள் ஏற வேண்டாம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 250 கிலோ மட்டக் குதிரைக்கு அது 50 கிலோ.

வலி தெரிந்தால் குதிரைக்காரரைத் திட்டாதீர்கள். அன்றைய வருமானம் அன்றைக்கே தீரும் வாழ்க்கை அவருடையது. "அண்ணா, இதுக்குக் கால் நோகிற மாதிரி இருக்கிறது, டாக்டரிடம் காட்டினீர்களா" என்று கேட்டுவிட்டு, ஏறாமலேயே சவாரிக் காசைக் கொடுங்கள். குழந்தை குதிரையின் பக்கத்தில் நடந்து வரட்டும்.

நீங்கள் சொன்னபடி பல் ராவி, ஆறு வாரம் வயிற்றுக்கும் மருந்து கொடுத்து, சேணமும் மாற்றிவிட்டோம். மருத்துவர் எல்லாம் ஆறிவிட்டது என்கிறார். ஆனாலும் சேணத்தைக் கண்டால் காதை மடக்குகிறது.
— மாசி இதழில் எழுதிய அதே வாசகர், திருச்சி

வலி போய்விட்டது, வலியின் நினைவு போகவில்லை. சேணம் வந்தால் நோகும் என்று பல மாதம் கற்ற குதிரை, ஒரு வாரத்தில் அதை மறக்காது. சேணத்தைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் புல் போடுங்கள். சில நாள் கழித்து அதை முதுகில் வைத்து, வார் கட்டாமல், உடனே எடுத்துவிடுங்கள். அடுத்து வாரைத் தளர்வாகக் கட்டி, லாயத்தைச் சுற்றி நடத்திவிட்டு அவிழ்த்துவிடுங்கள். காது முன்னே வந்த பிறகே அடுத்த படி. மீண்டும் கடிக்க வந்தால் அடிக்காதீர்கள், முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஒரு மாதத்தில் காது வரவே இல்லையென்றால், நாம் பார்க்காத இடம் இன்னும் ஒன்று இருக்கிறது. அப்போது முதுகையும் பின்னங்கால் மூட்டுகளையும் படம் எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.